குரல் வராத சோழவந்தான் ஸ்டேஷன்

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் தோல் மண்டி ஒன்றில் கடிதம் எழுதும் வேலை பார்த்தேன். எனக்குத் திக்குவாய். கேலிக்குப் பயந்து யாரிடமும் பேசமாட்டேன். தனி அறையில் தங்கியிருந்தேன். சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே படுத்துவிடுவேன்.

ஒருநாள் பகலில் மதுரையிலிருந்து ரயிலில் திரும்பினேன். பெட்டியில் என்னைத் தவிர ஒரு தாயும் நாலு வயது மகளும்தான். சோழவந்தானில் அந்த அம்மா, "அண்ணே, பிள்ளையச் செத்த நேரம் பாத்துக்கங்க, தண்ணி பிடிச்சுட்டு வாரேன்" என்று இறங்கினார். அவர் குழாயடியில் நிற்கும்போதே வண்டி நகர்ந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. பதற்றத்தில் சங்கிலியை இழுக்கவும் தோன்றவில்லை.

குழந்தை அலறினாள். வேறு வழியின்றிக் கதை சொல்லத் தொடங்கினேன். "ஒரு ஊருல ஒரு கா... கா... கா..." என்று நாக்கு மாட்டிக்கொண்டது. காக்கா கத்துகிறது என்று நினைத்தாளோ என்னவோ, அழுகையை நிறுத்தி, "பெறகு?" என்றாள். நான் திக்கிய போதெல்லாம் என் வாயையே பார்த்துக் காத்திருந்தாள். எனக்காக அதுவரை யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

திண்டுக்கல்லில் அவளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனேன். "சீக்கிரம் சொல்லுய்யா" என்று அதட்டினார். அவசரப்படாமல், திக்கித் திக்கி முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் தகவல் அனுப்ப, அடுத்த வண்டியில் தாய் வந்து மகளை அள்ளிக்கொண்டார்.

"ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமேண்ணே" என்று அழுதார்.

"குரல் வ... வரல, தாயி" என்றேன்.

அறைக்குத் தனியாகத்தான் திரும்பினேன். மீதிக் கதையைச் சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

இப்போதெல்லாம் ரயிலில் எதிரே யார் உட்கார்ந்தாலும் நானே முதலில் பேச்சுக் கொடுக்கிறேன். கேட்டு முடிக்கச் சற்று நேரமாகும். பெரும்பாலும் காத்திருக்கிறார்கள்.