ஓதிக் கொடுத்த உப்பு

முல்லா வீதியில் அப்துல் கையூம் பாய் தைத்த கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் வெள்ளைக் கோட்டுக்கு அவரிடம்தான் வருவார்கள். அளவெடுக்கும்போதே கேலி செய்வார். "சண்டையில வத்துன வயிறு பென்ஷன்ல ரொம்பிப்போச்சே, முசியே" என்பார். அவர்களும் சிரிப்பார்கள். நான் உள்ளறையில் அவருக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷக் கோடையில் அவருக்குத் தலைவலி வந்தது. வெயில் என்று நினைத்து, தைலத்தைத் தடவிக்கொண்டு வேலை பார்த்தார். ஒரு மத்தியானம் கோட்டின் வலது தோளில் இடது கைத்துணியை வைத்துத் தைத்திருந்தார். எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இருட்டிவிட்டது, விளக்கை ஏற்று என்றார். வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அப்படியே மெஷின்மேல் சாய்ந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

ஜின் பிடித்திருக்கிறது என்று தெருவில் சொன்னார்கள். அவர் மனைவி ஜீனத்துன்னிசா அக்கா பள்ளிவாசலுக்கு ஆளனுப்பி, ஹஜ்ரத் ஓதி ஊதிய உப்பை வாங்கி அவர் நாக்கில் வைத்தார். பிறகு ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தக் கொதிப்பு அளவுக்கு மீறி ஏறி மூளை வீங்கிவிட்டது என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை வந்தது, பேச்சும் வந்தது. உப்பே ஆகாது, இன்னொரு தடவை இப்படி ஏறினால் பிழைக்க மாட்டார் என்று சொல்லி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அக்கா உப்பு ஜாடியைப் பரண்மேல் ஏற்றினார். வீட்டில் எல்லோருக்குமே உப்பில்லாத சோறுதான். அப்படியும் தலைவலி திரும்பியது. பாய் என்னை, செத்துப்போன தன் தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரோ உப்புக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கோபித்தார். ஒரு கல் உப்புக்கூடக் கொடுக்கவில்லை என்று அக்கா ஆணையிட்டு அழுதார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரில் ஹஜ்ரத் கொடுத்த உப்பைப் பிடியாக அள்ளிப் போட்டு அக்கா பாய்க்குக் கரைத்துக் கொடுப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. அது அவர்கள் நம்பிக்கை. நான் வேலைக்கு வருகிறவள், வேறு சாதிசனம். பாய் மறுபடி என்னைத் தங்கை பெயரால் கூப்பிட்ட அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, காலையில கரைக்கிறீங்களே, அது?"

"அது உப்பு இல்ல புள்ள. துஆ."

"அந்த துஆவை உப்புலதானேக்கா ஓதினாங்க."

அக்கா சொம்பைக் கீழே வைத்தார். "அதை நாக்குல வச்சப்புறம்தான் கண்ணு தொறந்தாரு. இப்ப நிறுத்தி, அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

அவரை எழுப்பியது ஊசியா, உப்பா என்று நானும் சத்தியம் செய்ய முடியாது.

மறுநாள் அக்காவே, உப்பை நிறுத்தலாமா என்று கேட்க, என்னைக் கூட்டிக்கொண்டு ஹஜ்ரத் வீட்டுக்குப் போனார். வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னார். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று ஹஜ்ரத் கடிந்துகொண்டார். பிறகு, "நான் உப்புக்காக ஓதலம்மா, அவருக்காக ஓதினேன். பாட்டில்ல தண்ணி கொண்டாங்க, அதுல ஓதித் தர்றேன்" என்றார்.

மீதி உப்பை என்ன செய்வது? தின்னவும் கூடாது, ஓதியதைக் குப்பையில் கொட்டவும் கூடாது. இருவரும் போய்க் கடலில் கரைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த முறை டாக்டர் பார்த்தபோது கொதிப்பு இறங்கியிருந்தது. அதற்குக் காரணம் என்று அவர் மாத்திரையைச் சொன்னார். அக்கா ஓதிய தண்ணீரைச் சொன்னார். பாய் என்னை என் பெயரால் கூப்பிட்டார், எனக்கு அது போதும்.

மழைக்காலத்தில் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். தையல் பழையபடியேதான் இருந்தது. வலது எது, இடது எது என்பது மட்டும் திரும்பி வரவே இல்லை. நான் சாக்கட்டியால் குறி வைத்துக் கொடுப்பேன். நான் இல்லாத நாளில், வந்த சொல்தாவிடம் இரண்டு கைத்துணியையும் தூக்கிக் காட்டுவாராம்.

"லெப்ட் ரைட்டு போட்டுத்தானே பென்ஷன் வாங்கினீங்க, முசியே. இதுல லெப்ட் எது, சொல்லுங்க."