விரிசல் மேல் பூசிய பெயிண்ட்

கடைத்தெரு அவளுக்கு வைத்த பெயர் சீல் அக்கா. நகராட்சியில் கட்டட ஆய்வாளர். அவள் தலை தெரிந்தால் போதும், மாடிப்படியை அடைத்திருந்த அட்டைப்பெட்டிகள் உள்ளே ஓடும், காஸ் சிலிண்டர்கள் சாக்குக்குள் ஒளியும், கடைக்குக் கடை பல்லிளிப்பு தொடங்கும். அதைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்.

தெருமுனைப் பழைய கட்டடத்தின் மேல்மாடியில் அவள் தம்பியின் தையல் கடை. அதன் பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல். குறுக்கே சில கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் உடனே கட்டடத்தை மூட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊருக்கு அழகுப் பைத்தியம் பிடித்தது. கடைத்தெருவைப் புதுப்பிக்கிறார்களாம். எல்லா முகப்புக்கும் ஒரே மஞ்சள், வளைந்து நெளிந்த விளக்குக் கம்பங்கள். தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டிய முனையில், ஆள் உயரத்துக்குச் சிமென்ட் பூந்தொட்டிகள். நாறுகிற சாக்கடையை மட்டும் யாரும் தொடவில்லை. அது புகைப்படத்தில் விழாதே!

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் போய்ப் பார்த்தால் கண்ணாடிகளைக் காணோம். விரிசலையும் காணோம். அந்த இடத்தில் புது மஞ்சள் பளபளத்தது.

“இங்க ஒட்டியிருந்த கண்ணாடியெல்லாம் எங்கங்க?”

பெயிண்ட் மேஸ்திரி பெருமையாகச் சிரித்தார். “அதுவாம்மா? ஒண்ணுவிடாம உடைஞ்சு தொங்கிட்டிருந்துச்சு. பாக்க அசிங்கமா இருக்கேன்னு பேத்துப் போட்டு, விரிசலைப் பட்டி வச்சு அடைச்சுட்டோம்.”

ஒண்ணுவிடாமல்! அப்படியென்றால் சுவர் அசைந்துவிட்டது. நாளைக்கு அந்தப் பால்கனியில்தான் நகராட்சித் தலைவர் பரிவாரத்தோடு நின்று கையசைக்கப் போகிறார்.

ஆணையரிடம் ஓடினாள். அவர் விழா மாலைகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். “உடைஞ்சத நீங்க கண்ணால பாத்தீங்களா? இல்லல்ல? விழா முடியட்டும்மா, பாத்துக்கலாம்.”

இவரிடம் பேசுவதற்குச் சுவரிடமே பேசலாம், அதுவாவது அசைகிறது. பூட்டையும் அரக்கையும் எடுத்துக்கொண்டு தம்பியின் கடைக்குப் போனாள்.

“துணியெல்லாம் எடுத்துக்கிட்டு எல்லாரும் கீழ இறங்குங்க. பூட்டப் போறேன்.”

“சொந்தத் தம்பி வயித்துல அடிக்கிறியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?”

“உசுரோட இருந்து திட்டுடா, கேட்டுக்கிறேன்.”

சீல் வைத்தாள். பால்கனிக்குக் கீழே யாரும் நடக்காதபடி கயிறு கட்டினாள். தலைவர் போனில் குதித்தார். ஆனால் சீலை உடைக்க ஆணையர் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ திடீரென்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் மேடையை எதிர்ப்பக்கம் போட்டார்கள்.

மறுநாள் ஒலிபெருக்கி அலற, தலைவர் பேச எழுந்தார். பால்கனி அப்படியே பெயர்ந்து கயிற்றுக்குள் விழுந்தது. ஒரு ஆளுக்கும் அடியில்லை. புழுதி அடங்குமுன்பே தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“இது நடக்கும்னு தெரிஞ்சுதான் நேத்தே மூடச் சொன்னேன்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. அவளுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. அடுத்து மேடையேறியது அவள் தம்பி. தலைவரின் கை அவன் தோளில். “ஐயா மட்டும் நேத்து மூடச் சொல்லலேன்னா, நானும் என் ஆளுங்களும் இன்னைக்கு இல்லை” என்று தழுதழுத்தான். கூட்டத்தில் நின்ற அக்காவை அவன் பார்க்கவேயில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“தப்பா நெனைக்காதக்கா. நகராட்சி கட்டுற புது வணிக வளாகத்துல கடை தரேன்னுட்டாரு. மூணாவது மாடி. எனக்கும் பொழப்பு ஓடணும்ல?”

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “அவசரத்துக்கு எறங்க எத்தனை படிக்கட்டுடா வச்சிருக்காங்க?”

அவன் தரையைப் பார்த்தான். “ஒண்ணுதான்.” பிறகு கையெடுத்துக் கும்பிட்டான். “அந்தப் பக்கம் மட்டும் நீ வந்துடாதக்கா.”

நாள் முழுக்கப் பார்த்த எதிலும் அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை. கதவில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“திறப்பு விழா என்னைக்கு?”