கியரை அட்ஜஸ்ட் பண்ணாம சக்கரம் மாத்தணும், அவ்ளோதான்!

என் கியர் சைக்கிளுக்குப் பின்சக்கரம் ரெண்டு. திருப்பதி ரோட்டுக்கு மெல்லிசு டயர். கார்வேட்டிநகரம் பக்கம் ஊருக்குப் போக தடிச்ச டயர்.

மாத்துறப்பல்லாம் கியர் கரகரன்னு கத்துது. தடிச்சதுல கியர் பல்லுங்க ஒரு மயிரிழை உள்ளே உக்காந்துக்கினு இருக்கு. அந்தப் பல்லுங்களுக்குப் பின்னாடி காகிதம் மாதிரி ஒரு வாஷர் போட்டா ரெண்டு சக்கரத்துலயும் பல்லு ஒரே இடத்துல நிக்கும்.

இன்னிக்கு தடிச்ச சக்கரத்தையும் தூக்கிக்கினு போய், திருப்பதியில ஏசி போட்ட ஒரு சைக்கிள் ஷோரூம்ல இதைப் பொறுமையா சொன்னேன். மெக்கானிக் தலையாட்டினார். தடிச்சதை மாட்டி, கியர் ஸ்க்ரூவைத் திருகினார்.

"அயிபோயிந்தி சார், முடிஞ்சிது. இப்ப ஸ்மூத்."

மெல்லிசை திருப்பி மாட்டினேன். வரும்போது சத்தமே இல்லாம வந்த சக்கரம். கரகர!

"அதுக்கு மறுபடி திருகணும் சார்."

"திருகக் கூடாதுன்னுதானேய்யா வந்தேன்?"

மேனேஜர் வந்தார். பேச்சு நம்ம சத்தியவேடு பக்கத்துத் தமிழ்.

"இன்னா சார், எதுக்கு ரெண்டு சக்கரம்? ஒண்ணை வெச்சிக்கினு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

வீடு வரைக்கும் கரகரன்னே வந்தேன்.

கியரை அட்ஜஸ்ட் பண்ணாம இருக்க வழி கேட்டா, என்னை அட்ஜஸ்ட் பண்ணி அனுப்புறாங்க. வாஷர்னா என்னன்னு தெரிஞ்ச கடை இந்த ஊர்ல இருந்தா சொல்லுங்க. "விடுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு எவனாவது கமெண்ட் போட்டீங்க, பிளாக்தான்.