காதில் சொல்ல வேண்டிய பேர்

யோகராணி அக்காவோடு டவுன்டவுன் உணவகம் ஒன்றின் சமையலறையில் ஐந்து வருடமாக வெங்காயம் உரிக்கிறேன். நிதானமான மனுசி. அன்று மட்டும் அவருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் தம்பி லக்ஷனின் மகளுக்கு அன்று முப்பத்தோராம் நாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி தகப்பனின் சகோதரியான மாமிதான் குழந்தையின் காதில் மூன்று தரம் பேர் சொல்ல வேண்டும். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் வீடியோவில் சொல்வதாக ஏற்பாடு. நல்ல நேரம் அங்கே மாலை ஆறு பத்து, இங்கே காலை எட்டு நாற்பது.

முதல் நாளிரவு போன் தன்பாட்டில் அப்டேட் ஆகியிருந்தது. அதிலிருந்து பற்றரி நிற்கவில்லை. வீட்டருகே ரொக்ஸ்பரோவில் நூறு வீதத்தோடு ரயிலேறியவர் வேலைக்கு வரும்போது முப்பத்தொரு வீதம். ரயிலிலேயே, சத்தம் போதுமா என்று பார்க்க, குழந்தையின் பேரை "தக்ஷினி" என்று ஒருதரம் சொல்லிப் பதிந்து தம்பிக்கு அனுப்பியுமிருந்தார். சார்ஜர் கொண்டுவரவில்லை; என்னுடையது பொருந்தவில்லை.

"பற்றரி கொதிக்குது பிள்ளை" என்று நிமிடத்துக்கொருதரம் எடுத்துப் பார்த்தார்.

"பாக்காதேங்கோ அக்கா, பாக்கப் பாக்க இறங்கும்."

கேட்டால்தானே! எட்டரைக்கே அழைத்துவிட்டார், லைன் சரியா என்று பார்க்கவாம். அப்போது ஒன்பது வீதம். எங்கள் சனத்தைத் தெரியாதா? போன் வீடு முழுக்கக் கைமாறியது. "சாப்பிட்டியே? அங்கை குளிரே?" ஜூலை மாதத்தில்! ஒருவர் பாயாசப் பானையையும் திறந்து காட்டினார்.

"பிள்ளையைக் காட்டுங்கோ!" என்று அக்கா கத்தினார். நெற்றிப் பொட்டு மட்டும் தெரிந்தது. திரை கறுத்துப்போனது. என் போனில் எடுக்கலாமென்றால் தம்பியின் நம்பர் அவருக்கு மனப்பாடமில்லை; அது அந்தச் செத்த போனுக்குள்ளேயே கிடந்தது.

எட்டு நாற்பதும் கடந்தது. அக்கா பின்கதவுக்கும் மேசைக்குமாக நடந்தார். "வேறை ஆரும் சொல்லியிருப்பினம்" என்று எனக்கல்ல, வெங்காயத்துக்குச் சொன்னார்.

வேலை முடிந்ததும் பக்கத்து டெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், சார்ஜர் வாங்கி அங்கேயே செருகினோம். லக்ஷனின் குரல்பதிவு ஒன்று வந்து கிடந்தது. "அக்கா, வேறை ஒருத்தரையும் சொல்ல விடேல்லை. முன்னமே நீங்கள் அனுப்பினதைத்தான் மூண்டுதரம் காதிலை போட்டனான்."

அந்தப் பதிவை எனக்கும் போட்டுக் காட்டினார். பேருக்குப் பின்னாலேயே அடுத்த ஸ்டேஷனைச் சொல்லும் ரயிலின் பிரெஞ்சுக் குரல். நான் சிரித்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "பேர் கேக்கேக்கை பிள்ளை முழிச்சிருந்தவவோ, நித்திரையோ? நான் காணேல்லையே" என்றார்.