எப்போதும் என்கேஜ்

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் முழுவதையும் கணினியில் பில்லியர்ட்ஸ் ஆடியே கழித்தேன். அறுபது வயது தாண்டிய மனிதன் செய்கிற காரியமா என்று சிரிக்கலாம். அந்த வருடத்தைப் பற்றி யாராவது கேட்டபோதெல்லாம் நானும் சிரித்துத்தான் சமாளித்திருக்கிறேன். இங்கே சமாளிக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

மாத்தளையில் கணித ஆசிரியராக இருந்து அதற்குச் சற்று முன்புதான் ஓய்வு பெற்றிருந்தேன். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் டோஹாவில் வேலை பார்த்தான். லீவில் வந்தவன் தன் பழைய கணினியை முன்னறையில் வைத்து, டெலிபோன் வயரை அதில் செருகி, இணையத்துக்குள் எப்படிப் போவது என்று காட்டிக்கொடுத்தான்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கங்கப்பா. நீங்க நெட்ல இருந்தா போன் வராது. வெளிய இருந்து யாரு போன் எடுத்தாலும் என்கேஜ்னுதான் கேக்கும். வேல முடிஞ்சதும் கழட்டி விட்டுருங்க."

"எனக்கே பாடமா? நான் படிப்பிச்ச பசங்க எத்தன பேரு இன்னைக்கு கம்ப்யூட்டர் எஞ்சினியர் தெரியுமா?"

"அவங்க எல்லாம் ஒங்ககிட்ட இருந்து தப்பிச்சதுனால எஞ்சினியர் ஆனவங்க."

அவன் போன பிறகு நானாகவே அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தேன். திரையில் ஒரு பச்சை மேசை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கிற ஆள் ஒருவர் எனக்கு எதிரே ஆடுவார். பெயர் தெரியாது, முகம் தெரியாது. பந்து எந்தக் கோணத்தில் பட்டு எந்தக் கோணத்தில் திரும்பும் என்று கணக்குப் போடுவது எனக்குப் பிடித்திருந்தது. வாழ்நாள் முழுவதும் கரும்பலகையில் வரைந்த கோணங்கள் அங்கே அசைந்தன. நிஜ மேசையில் நான் ஒருநாளும் ஆடியதில்லை. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் துரைமார் கிளப்பில் அப்படி ஒரு மேசை இருந்தது என்று கேள்விப்பட்டதோடு சரி.

என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அவளும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். நான் படித்து, அரசாங்க வேலை கிடைத்து, டவுனுக்கு வந்துவிட்டேன். அவள் தோட்டத்திலேயே கல்யாணம் முடித்துக் கொழுந்து பறித்தாள். எழுபத்தேழாம் வருடக் கலவரத்தில் சிங்களக் கும்பல் அவர்கள் இருந்த லயத்தைக் கொளுத்தியபோது, அவளும் புருஷனும் ஒரு லொறியில் ஏறிக் கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அங்கே காடு வெட்டினால் காணி கிடைக்கும், தமிழ் ஆட்களுக்கு நடுவில் இருக்கலாம் என்று தோட்டத்து சனம் நிறையப் பேர் அப்போது போனது. "நீங்க படிச்சவரு, அண்ணே. ஒங்கள ஒண்ணும் செய்ய மாட்டானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னபடியே என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

முப்பது வருடம் அவள் அங்கே இருந்தாள். மூத்த பையன் புலிகளோடு சேர்ந்து சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. அவனுக்குப் பின் வெகுகாலம் கழித்துத் தங்கச்சிக்குப் பிறந்த மகள் ஒருத்தி இருந்தாள். நான் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், அந்த மகளுக்காகத்தான் தங்கச்சி எனக்கு போன் எடுத்தாள். அங்கே போன் இருந்த இடங்கள் சில. பகலில் வரிசையில் நின்று, முறை வந்தால் பேசலாம். இரைச்சலுக்கு நடுவே குரல் வந்து வந்து போனது.

"அண்ணே, கேக்குதா? சின்னவள ஒங்ககிட்ட அனுப்பவா? இங்க வச்சிருக்க ஏலாதுண்ணே, சண்டைக்கு இவளையும் கேக்குறாங்க. வெளிய வர வழி ஒண்ணு இருக்கு. வவுனியா வரைக்கும் வந்துட்டா, நீங்க வந்து கூட்டிக்கிட்டுப் போவீங்கல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் ரிசீவரைப் பறித்துக்கொண்டாள்.

"மாமா, நான் உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன். சமைப்பன். கணக்கும் படிப்பன். அம்மா சொன்னவா, நீங்கள் கணக்குப் பிழை விட்டா அடிப்பீங்களாம், உண்மையோ?"

என் காதில் முதலில் விழுந்தது அவள் தமிழ். அவள் அங்கேயே பிறந்து, அங்கே உள்ளவர்களோடு பள்ளிக்கூடம் போனவள். 'தரமாட்டன்', 'சமைப்பன்'. தாயிடம் இருக்கும் எங்கள் தோட்டத்துப் பேச்சு மகளிடம் துளியும் இல்லை. இவள் எங்கள் தெருவில் வாயைத் திறந்தால் எங்கிருந்து வந்தவள் என்று அடுத்த நிமிடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு பிள்ளை உயிரோடு இருக்க இடம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அதன் வினைமுற்றுகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி மறுபடி வந்தாள். "என்னண்ணே சொல்றீங்க?"

"பாப்போம்" என்றேன்.

எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். லீவு கேட்டால் கங்காணி சொல்வது, பெண் கேட்டு வந்தால் விருப்பமில்லாத தகப்பன் சொல்வது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று சொல்வது. அவளும் அதைப் புரிந்துகொள்வாள், வேறு வழி பார்ப்பாள் என்று நினைத்தேன். "சரிண்ணே, சரிண்ணே" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு விளங்கவில்லை. லைன் அறுந்துவிட்டது.

பயம் இல்லாமல் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் வடக்கிலிருந்து வந்த மருமகனை வீட்டில் வைத்திருந்தார். இருவரையும் பொலிஸார் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தபோது யாரோடும் பேசாத ஆளாக வந்தார். பக்கத்தில் உள்ள நாவுலவுக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால்கூட பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நடக்க வேண்டிய காலம். கைத்தொலைபேசி வாங்கச் சொல்லி மகன் நச்சரித்தும் நான் வாங்கவில்லை. அதில் உள்ள நம்பர்களைச் சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள் என்று பயம். எனக்கு இருந்தது வீட்டு போன் ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் விளையாட்டு பெருகியது. காலையில் தேநீர் குடித்ததும் கணினியின் முன் உட்காருவேன். மத்தியானம் சோற்றைத் தட்டில் போட்டு அங்கேயே கொண்டுவந்து சாப்பிடுவேன். வெயில் சாயும்போது எழும்புவேன். எனக்கு அந்த விளையாட்டில் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நானே நம்பினேன். ஆனால் இரவில் இணையக் கட்டணம் குறைவு, லைனும் வேகம். உண்மையிலேயே விளையாட்டுப் பைத்தியம் என்றால் இரவில் ஆடியிருப்பேன். பகலில்தான் ஆடினேன். தங்கச்சி போன் எடுக்கக்கூடிய நேரத்தில் மட்டும் ஆடினேன். அங்கே அந்த இடங்களை மூடும் நேரம் ஆனதும் வயரைக் கழற்றி போனில் செருகிவிடுவேன். போன் வேலை செய்கிறது, நான் யாருக்கும் கதவை மூடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

ஒருநாள் காலையில் இணையம் தானாக அறுந்தது. எதிராளி என் பந்துக்காகக் காத்திருந்தார். ஏதோ கோளாறா என்று பார்க்க வயரை மாற்றிப் போனில் செருகினேன். செருகிய உடனே மணி அடித்தது. யாராகவும் இருக்கலாம். நான் கையை ரிசீவர் மேல் வைத்தேன். மணி அடிக்கும்போது அது உள்ளங்கையில் அதிர்ந்தது. அடித்து ஓயும்வரை கையை எடுக்கவுமில்லை, ரிசீவரைத் தூக்கவுமில்லை. பிறகு வயரைத் திரும்பக் கணினியில் செருகி அந்த ஆட்டத்தை முடித்தேன்.

பகலில் எத்தனை தடவை எடுத்தாலும் என்கேஜாக இருக்கிறதே, யாரோடு பேசுகிறீர்கள் என்று மகன் ஈமெயிலில் கேட்டான். அத்தை அடிக்கடி எடுக்கிறாள், பாவம், அவளோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் எழுதினேன். அவன் மனம் இளகி, அத்தையோடு நிறையப் பேசுங்கள், என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதினான்.

அடுத்த வருடம் யுத்தம் முடிந்தது. தங்கச்சி வவுனியா முகாமில் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னார். போனேன். முள்கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முதலில் அடையாளம் தெரியவில்லை. என் பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்று நெருக்கினார்கள்.

"சின்னவ எங்க?" என்று கேட்டேன்.

"கடக்கர பக்கம் அண்ணே. பங்கருக்குள்ள. அவளும் அவ அப்பாவும். அங்கேயே தோண்டி வச்சிட்டு வந்துட்டேன்."

அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். பிறகு அவளாகவே தொடங்கினாள்.

"நீங்கதான் பாத்துக்குவோம்னு சொன்னீங்களே. அன்னைக்கே பேக்க கட்டி வச்சிட்டா. என்னைக்கு வவுனியாவுக்கு வருவீங்கன்னு கேட்டுக்கிட்டு அனுப்பத்தான் எடுத்து எடுத்துப் பாத்தோம். நீங்க வந்து நிக்காம, தெரியாத ஊருல ஒத்தப் புள்ளய எப்படி விடுறது? எப்பவும் என்கேஜ். அப்பறம் அந்த வழியும் அடைச்சிட்டாங்க."

பாப்போம் என்று நான் சொன்னது, அந்த இரைச்சலில் அவளுக்குப் பாத்துக்குவோம் என்று கேட்டிருக்கிறது. நான் திருத்தவில்லை. மறுத்தேன் என்று சொல்வதைவிட, பொறுப்பேற்றுத் தவறவிட்டேன் என்று இருப்பது எனக்கு மரியாதையாகப்பட்டது.

"அப்படி யாரோடண்ணே அவ்வளவு பேச்சு?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மகனோட" என்றேன்.

"ஆமா, புள்ள தூரத்துல இருக்கான்ல. பேசத்தானே வேணும்."

முகாமிலிருந்து விட்ட பிறகு அவளைக் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொண்டேன். சமைத்தாள், முற்றம் கூட்டினாள், செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வந்தாள். நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். அந்த வருடக் கடைசியில் மகன் லீவில் வந்தான். மூவரும் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு. அத்தை வைத்த கருவாட்டுக் குழம்பைப் புகழ்ந்துவிட்டு, நல்லது சொல்வதாக நினைத்து அவன் சொன்னான்:

"ஒரு விஷயத்துல எனக்கு நிம்மதி அத்த. அந்த வருஷம் பூரா நீங்க தெனமும் அப்பாகூட பேசிக்கிட்டாவது இருந்தீங்க. நான் எடுத்தா லைன் கெடைக்கவே கெடைக்காது. சரி, அத்ததானேன்னு விட்டுருவேன்."

தங்கச்சி அவனைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அப்படியா" என்றாள். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

மகன் போன மறுநாள், கிளிநொச்சிக்கே போகிறேன் என்றாள். அங்கே தகரக் கொட்டகை போட உதவி கிடைக்கிறதாம். தடுக்க எனக்கு வாய் இல்லை. பஸ் ஏற்றிவிடத் தம்புள்ளை வரை கூடப்போனேன். மரக்கறி லொறிகளின் சத்தத்துக்கு நடுவே நின்றோம். அங்கேதான் கேட்டாள்.

"அப்ப யாரோடயும் பேசலயா?"

"இல்ல."

"என்னதான் செஞ்சீங்க?"

"கம்ப்யூட்டர்ல விளையாடினேன். பந்து தட்டுற விளையாட்டு."

கிளிநொச்சி வழியாகப் போகும் யாழ்ப்பாண பஸ் வந்தது. பையைத் தூக்கித் தோளில் போட்டபடி, "தனியாவா?" என்றாள்.

"இல்ல. ஆளுங்க இருந்தாங்க. யாருன்னு தெரியாது."

தலையாட்டிவிட்டு ஏறினாள். சன்னல் பக்கம் இடம் கிடைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் பிறகு மகனிடம் சொன்னேன். "பயம்தானேப்பா, அப்ப யாருக்குத்தான் பயம் இல்ல" என்றான். அதற்குப் பிறகு அவன் எனக்கு போன் எடுப்பது குறைந்தது. சில வருடம் கழித்துத் தங்கச்சி இறந்தபோது அங்கிருந்த அயலவர்கள் டோஹாவுக்கு அவனுக்குத்தான் செய்தி சொன்னார்கள். அவளிடம் அவன் நம்பர் இருந்தது. என் நம்பரும் அவளுக்கு மனப்பாடம். அதை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

அந்த வருடம் திரும்பி வந்தால், அந்த ரிசீவரைத் தூக்குவேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். தூக்குவேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அன்று இருந்த பயம் எப்படிப்பட்டது என்று எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதே வீட்டில், அதே வயதில், அதே பயத்தோடு நான் திரும்ப உட்கார்ந்தால், அந்த விளையாட்டைத்தான் ஆடுவேன்.