பதினாலாம் மேசை விருந்தாளி

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தோனிதாசன் திடுக்கிடுகிறார். காலையிலிருந்து இது நாலாவது தரம். முதலில் இடது புருவம் ஏறும். வலது புருவம் அதைத் தேடிக்கொண்டு பின்னால் போகும். வாய் ஒரு கொய்யாப்பழம் புகுகிற அளவுக்குத் திறக்கும். கைகள் இரண்டும் தோளுக்கு மேலே எழும்பி, மூன்று எண்ணும்வரை அப்படியே நிற்கும். பிறகு வாயை மூடிக்கொண்டு சவரம் செய்யத் தொடங்குவார். கதவுக்கு வெளியே மகள் ஷரோன் டேனிஷில் சத்தம் போடுவாள்: தனக்கு ரயிலுக்கு நேரமாகிறது, அப்பா திடுக்கிட்டது போதும்.

வயது ஐம்பத்தொன்பது. தொழில், திடுக்கிடுவது. கோப்பன்ஹேகன் துறைமுகப் பக்கம் பழைய சரக்குக் கொட்டகை ஒன்றைச் சிவப்புத் துணியால் மூடி, உள்ளே நானூறு பேருக்கு மேசை போட்டிருக்கிறார்கள். நடுவில் வட்ட மேடை. சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேலே ஒரு பெண் துணியைப் பிடித்துத் தொங்குவாள். வாத்துக்கறிக்கும் இனிப்புக்கும் இடையில் ஒருவன் தட்டுச் சுழற்றுவான். எல்லாவற்றுக்கும் நடுவே, மினுங்குகிற நீலக் கோட்டுப் போட்ட கிளாவ்ஸ் என்கிற நிகழ்ச்சித் தலைவன், சபையிலிருந்து யாரோ ஒரு விருந்தாளியை எழுந்தமானமாகத் தெரிவு செய்து மேடைக்கு அழைப்பான். வெளிச்சம் மேசை மேசையாக அலையும். தயங்கும். திரும்பும். ஈற்றில், பதினாலாம் மேசையில் தனியே இருந்து வாத்துக்காலைக் கடிக்கிற ஓர் அப்பாவியின் மேல் போய் விழும். கிழமையில் நாலு மாலை அந்த அப்பாவி அந்தோனிதாசன்தான்.

வேலை ஒப்பந்தத்தில் பதவி என்ற இடத்தில் 'விருந்தாளி' என்றே அச்சடித்திருக்கிறார்கள். நானே கண்ணால் பார்த்தேன். இந்த நாடு அவரை முப்பத்தைந்து வருடமாக விருந்தாளியாகத்தான் நடத்தி வருகிறது. அதற்குச் சம்பளம் கொடுக்க முன்வந்தது இந்தக் கொட்டகை மட்டும்தான்.

அங்கே அவர் முதலில் சேர்ந்தது நிலம் துடைக்க. இக்காஸ்ட் என்கிற சிறு நகரத்தில் தையல் ஆலை மூடப்பட்டபின் தலைநகருக்கு வந்து, கையில் வாளியோடு பல கட்டடங்களைச் சுற்றிக் கடைசியில் இந்தக் கொட்டகைக்குள் நுழைந்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாலை, வழமையாகத் திடுக்கிடுகிற ஓய்வுபெற்ற தபால்காரர் வந்த ரயில் எங்கோ வயலுக்கு நடுவில் நின்றுவிட்டது. கிளாவ்ஸ் ஓடிவந்து, வாளியோடு நின்றவரின் தோளில் யாருடையதோ கோட்டைப் போட்டு, பதினாலாம் மேசையில் இருத்தினான். மேடையில் சூப்புப் பானையைத் தலையில் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து கொட்டியது வண்ணக் கடதாசித் துண்டுகள். அது கடதாசி என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் முழித்த முழியில் முன்மேசைச் சீமாட்டி ஒருத்தி சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் கழன்று வைன் கிளாசுக்குள் விழுந்தது என்பது அந்தோனிதாசனின் வாக்குமூலம். அதில் வைன் கிளாசை மட்டும் நான் நம்புகிறேன்.

அன்றிலிருந்து முழிகளை அவர் தரம் பிரித்து வைத்திருக்கிறார். வெளிச்சம் மேலே விழும்போது, நகரசபையிலிருந்து கடிதம் வந்தால் முழிக்கிற 'கொம்யூன் கடித முழி': இது சிறியது, கண்ணோடு நின்றுவிடும். அவருடைய கோட்டுக்குள்ளிருந்து கிளாவ்ஸ் சிவப்புச் சொசேஜ் மாலையை உருவி எடுக்கும்போது 'மாமி வந்திட்டா முழி'. உச்சம், 'சூப்பு முழி'. குளியலறையில் நடப்பது அதற்கான ஒத்திகை.

"முழிக்கிறது லேசெண்டு நினைக்கிறியளோ?" என்று என்னிடம் கேட்டார். "தெரியாத விசயத்துக்கு மாடும் முழிக்கும். தெரிஞ்ச விசயத்துக்கு முழிக்கோணும். அதுவும் கிழமையில நாலு தரம்."

மேடையில் கிளாவ்ஸ் ஒலிவாங்கியை நீட்டி, "எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்பான்.

"இக்காஸ்ட்."

சபை சிரிக்கும். "இல்லை, அதற்கு முதல்?"

"ஹேர்னிங்."

சபை மேசையில் தட்டிச் சிரிக்கும். இக்காஸ்டிலிருந்து ஹேர்னிங் பத்து நிமிட ரயில். அந்தச் சிரிப்பு முழுவதும் தன் நேரம் தவறாத பதிலுக்குக் கிடைத்தது என்று அவர் நம்புகிறார். "ஹேர்னிங் எண்டுறதுக்கு முதல் அரை மூச்சு விடோணும். அந்த அரை மூச்சிலதான் கலை இருக்கு." அவர் அந்த அரை மூச்சை விடுவதற்கு முன்பே, ஆளைப் பார்த்தவுடனேயே சபை சிரிக்கத் தொடங்கிவிடுகிறது. இதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை, சாப்பிடுகிற வாத்தைக் கசக்கப் பண்ணுவானேன்.

தன் பங்கு முடிந்ததும் அவர் சமையலறை வழியாக வெளியேற வேண்டும். அங்கே வித்தைப் புறாக்களின் கூடு கோப்பை கழுவும் இயந்திரத்தின் மேல் இருக்கும். அந்த இடம்தான் சூடு. அந்தரத்தில் தொங்கி நானூறு பேரின் மூச்சை நிறுத்திய பெண், கம்பளிக் காலுறையோடு வாளி ஒன்றைக் கவிழ்த்து அதில் இருந்து, ஈரல் பசை தடவிய கறுத்த பாண் துண்டைத் தின்றுகொண்டிருப்பாள். அவளைத் தாண்டிப் போகும்போது அந்தோனிதாசன் நிலத்தைப் பார்ப்பார். பார்த்தால் வாய் சும்மா இராது. "மூலையை விட்டுட்டியள்," என்று இப்போது துடைக்கிற றுமேனியப் பெண்ணுக்கு டேனிஷில் புத்தி சொல்லுவார். "விருந்தாளி, காலைத் தூக்கு," என்பாள் அவள்.

ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை உண்டு. இது ஏற்பாடு என்று எந்தச் சபையோருக்காவது தெரிந்தால், அன்றோடு மேசை போய்விடும். பழைய வாளி திரும்பி வரும். வேலையில்லாத நாளில் மண்டபத்துக்குள் தலைகாட்டவும் கூடாது. வீட்டிலும் என்னிடமும் மட்டும் சொன்னார். கிளாவ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற துணிவில்தான் நானும் இதை எழுதுகிறேன்.

ஆனால் மார்கழி வந்தால் டென்மார்க்கில் எல்லா வேலைத்தலமும் கிறிஸ்து பிறப்புக்கான நத்தார் விருந்துக்குக் கிளம்பிவிடும். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஜெசிந்தன் வேலை செய்கிற முதியோர் இல்லமும் அந்தக் கொட்டகைக்குத்தான் போனது. வெளிச்சம் அலைந்து அலைந்து அந்தோனிதாசன் மேல் விழுந்ததும் ஜெசிந்தன் கதிரையில் ஏறி நின்று கைப்பேசியில் படம் பிடித்தான். அன்றிரவே பங்கு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: 'நானூறு பேருக்குள்ள எங்கட அந்தோனிதாசன் அண்ணைக்கு அடிச்ச அதிஷ்டம்!' அடுத்த கிழமை வேறொரு குடும்பம் வேறொரு விருந்துக்குப் போனது. மறுபடியும் அதே அண்ணை, அதே அதிஷ்டம்.

வேறு எந்தச் சனமாக இருந்தாலும் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருக்கும். எங்கள் சனம் லொத்தர் சீட்டுத் துண்டுகளோடு வந்தது.

பூசை முடிந்து கோப்பி குடிக்கிற மண்டபத்தில் வரிசை நின்றது. "அண்ணை, ஒருக்கால் தொட்டுத் தாங்கோ." மறுக்க வேண்டிய மனுசன் கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, துண்டு துண்டாகத் தொட்டார். ஒருவருக்கும் ஒன்றும் விழவில்லை. அண்ணை மனம் வைத்துத் தொடவில்லை என்று சபை தீர்ப்பளித்தது.

அதோடு நின்றிருந்தால் நல்லது. கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த பிரியந்தி ஒரு கேள்வியை அவிழ்த்துவிட்டாள்: "அதுசரி, அவர் ஏன் ஒவ்வொரு நாளும் தனியப் போய்ச் சாப்பிடுறார்?" ஐந்து நிமிடத்தில் பதிலும் தயார். மனுசி சமைக்கிறதில்லையாம். இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லையாம். பாவம், மனுசன் வாத்தைத் தின்று காலத்தைக் கடத்துதாம்.

அவருடைய மனைவி பற்றிமா பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஆஸ்பத்திரியில் விடிய ஐந்து மணிக்கு வேலை தொடங்கி, வந்து புட்டு அவித்து மூடி வைக்கிறவள். வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக் கழற்றவில்லை.

"இஞ்சேருங்கோ. என்னையும் ஒருநாள் அங்க கூட்டிக்கொண்டு போங்கோ. நாலு பேர் கண்ணால காணட்டும்."

"அங்க நான் சும்மா வந்து தலைகாட்டக்கூடாது. வேலை போயிடும்."

"அப்ப வாற ஞாயிறு பூசையில மைக்கைப் பிடிச்சு நானே சொல்லுறன். அதிஷ்டத்துக்கு மாதச் சம்பளம் எண்டு."

போன சனிக்கிழமை போனார்கள். அந்தோனிதாசனுக்கு வேலையில்லாத மாலைகள் இன்னும் அந்தத் தபால்காரருக்குத்தான்; அன்று அவருடைய முறை. அந்தோனிதாசன் இருபத்தேழு வருட மீசையை வழித்து, ஷரோனின் கண்ணாடியைப் போட்டு, தூணுக்குப் பின்னால் முப்பத்தோராம் மேசையைப் பிடித்திருந்தார். பற்றிமா சிவப்புக் கூறைச்சேலையில் வந்திருந்தாள்.

"தலையை நிமிர்த்தாதையும்," என்றார் அவர்.

"நான் ஏன் குனியிறது? களவெடுக்கவோ வந்தனான்?" வாத்தை ஒரு வாய் வைத்தாள். "உப்பில்லை. உருளைக்கிழங்குக்குச் சீனிப்பாகு. இதுக்காகவோ என்ர புட்டு ஆறிக் கிடந்தது?"

பக்கத்து மேசையில் ஒரு பல் வைத்தியசாலையில் வேலை செய்கிறவர்கள். அதற்கு முந்தின கிழமையும் வந்தவர்கள். பிடித்துப்போய் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி அந்தோனிதாசனை உற்று உற்றுப் பார்த்தாள். அவர் கதவளவு பெரிய சாப்பாட்டு அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். போன கிழமை மேடைக்குப் போன ஆள் இவர்தானே என்று அவள் வாய் திறந்தால் போதும். திங்கட்கிழமை வாளி.

விளக்குகள் அணைந்தன. கிளாவ்ஸ் பதினாலாம் மேசையைப் பார்த்தான், கதிரை வெறுமை. தபால்காரர் காய்ச்சலென்று யாருக்கும் சொல்லாமல் படுத்துவிட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த வெளிச்சம் உண்மையாகவே வழி தெரியாமல் அலைந்தது. அது முப்பத்தோராம் மேசைப் பக்கம் திரும்பியபோது அந்தோனிதாசனின் பின்பக்கம் பழக்கதோஷத்தில் நாலு அங்குலம் எழும்பிவிட்டது. அட்டையைப் பிடித்தபடியே அதை அடக்கி இருத்தினார். வெளிச்சம் கூறைச்சேலையின் சரிகையில் பட்டு நின்றது. கிளாவ்ஸ் வந்து பற்றிமாவிடம் கையை நீட்டினான்.

"போடா அங்கால," என்றாள் பற்றிமா. சபை கைதட்டியது. தட்டினால் எழும்பாமல் இருக்க முடியுமா? வாயைத் துடைத்து, சேலைக் கொய்யகத்தைச் சரி பார்த்து, எழுந்து போனாள்.

"எங்கேயிருந்து வருகிறீர்கள்?"

"வீட்டில இருந்து," என்றாள் ஆஸ்பத்திரி டேனிஷில். "நீர்?"

கிளாவ்ஸை அந்த மேடையில் யாரும் கேள்வி கேட்டதில்லை. "ஒடென்ஸ," என்று தான் பிறந்த டேனிஷ் ஊரைச் சொன்னான்.

"அதுக்கு முதல்?"

சபை கூரைத் துணி ஆடச் சிரித்தது. கிளாவ்ஸின் வாய் திறந்தபடி நின்றது. கலப்படமில்லாத சூப்பு முழி. தடுமாற்றத்தை மறைக்க அவன் பானையைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்தான். பற்றிமா அசையவில்லை. கூந்தலில் ஒட்டிய கடதாசித் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இதைக் கூட்டுறது ஆர்?"

திரைக்குப் பின்னாலிருந்து றுமேனியப் பெண் விசிலடித்தாள். திரை இடுக்கில் கொட்டகை முதலாளியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதையும், பக்கத்தில் நின்றவனிடம் யார் இந்தப் பெண் என்று சைகையால் கேட்பதையும் அந்தோனிதாசன் அட்டையின் ஓரத்தால் கண்டார். மூன்று வருடமாக அரை மூச்சு அளந்து அளந்து அவர் சேர்த்த சிரிப்பை, இவள் அளக்காமல் அள்ளிக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் பல் வைத்தியசாலைக்காரி. மறுபக்கம் கட்டின மனுசி. பதினாலாம் மேசையின் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் அறுத்தார்கள்.

கிளாவ்ஸ் மூச்சு வாங்கி, "இன்றைக்கு யாரோடு வந்தீர்கள்?" என்று கேட்டான்.

"என்ர மனுசனோட."

வெளிச்சம் முப்பத்தோராம் மேசைக்குப் பாய்ந்தது. பல் வைத்தியசாலைக்காரி எழும்பியே நின்று எட்டிப் பார்த்தாள். அங்கே இருந்தது ஒரு கதிரை, ஒரு சாப்பாட்டு அட்டை, ஷரோனின் கண்ணாடி. ஆளில்லை.

"எங்கே அவர்?"

பற்றிமா கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள். "இவ்வளவு நேரமும் அதிலதான் இருந்தவர். வீட்டிலயும் உப்பிடித்தான். கோப்பை கழுவுற நேரம் பார்த்து ஆளைக் காணக் கிடைக்காது."

நானூறு பேரும் எழுந்து நின்றார்கள். அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு கைதட்டலை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. புறாக்கள்கூடக் கூட்டுக்குள் அடித்துக்கொண்டனவாம். வெறுங்கதிரையைச் சுற்றிக் கைதட்டல் ஓயாமல் விழுந்துகொண்டேயிருந்தது. வெளிச்சமும் அகலவில்லை.

மேசைவிரிப்பின் ஓரம் அசைந்தது. கீழேயிருந்து ஒரு கை மட்டும் மெல்ல வெளியே வந்து, விரல்களை விரித்து, சபையின் நாலு பக்கத்துக்கும் ஆட்டியது.