பீரோவில் பூட்டிய போன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனி கேட்டில் போனை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தணிகாசலம் தினமும் ஒப்படைத்தார். ஆனால் அது உயிரில்லாத பழைய போன். வேலை செய்கிற போன் சாப்பாட்டுப் பையில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே உள்ளே வந்துவிடும். பாதிப் பேர் அப்படித்தான்.

2008 ஆவணியில், தகடு அழுத்தும் மிஷின் ஓடும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. குனிந்து பார்த்தார். இடது சுண்டுவிரலின் நுனி போயிற்று. பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று வந்த சாமி மெசேஜ் அது. வீட்டுக் கதவில் நசுங்கியதாக எழுதிக் கொடுத்தார். ஒன்பது வருடமாக கான்ட்ராக்ட் ஆள். முப்பத்தைந்து வயது ஆகிவிட்டால் நிரந்தரம் கிடையாது. தையில் அவருக்கு முப்பத்தைந்து.

நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க். எங்கள் ஊரின் முதல் பி.காம். யார் யோசனை கேட்டாலும் சொல்லிவிடுவேன். விரல் போன பிறகு தணிகாசலமும் கேட்டார்.

"கை சும்மா இருக்க மாட்டுது தம்பி. பாப்பா எதுர்ல குந்திக்கினு பேசுது, நான் இத்தையே நோண்டிக்கினுகீறேன். இன்னா பண்றது?"

"ஊட்டுக்குப் போனதும் ஆஃப் பண்ணி பீரோல வெச்சுப் பூட்டுங்கண்ணா. சாவி அண்ணிகிட்ட இருக்கட்டும். காலைல ரயில் ஏறினப்புறம் ஆன் பண்ணாப் போதும்."

முதல் வாரம் அத்திப்பட்டு வீட்டில் ஒரே பேஜார். பீரோவையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். "இன்னாய்யா, உள்ள எவளயாவது பூட்டி வெச்சிக்கிறியா?" என்று மனைவி முத்தம்மா கேட்டாளாம். இரண்டாவது வாரம் மகள் கவிப்பிரியாவோடு உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தார். "பதிமூணாம் வாய்ப்பாடு எனக்கே இப்பத்தான் மனப்பாடம் ஆச்சு தம்பி!" அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பதினெட்டு நாள் போயிற்று. பதினெட்டாம் நாள் மாலை, நான் கிளம்பிய பிறகு, மேலிடத்தில் திடீரென்று முடிவு செய்தார்கள். நான்கு பேரை நிரந்தரமாக்கலாம். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரிஜினல் சான்றிதழ்களோடு சென்னை ஆபீசில் இருக்க வேண்டும். அதில் தணிகாசலம் பெயரும் இருந்தது. கான்ட்ராக்டர் சாலமோன் அவரை ஏழு முறை அழைத்திருக்கிறார்.

மறுநாள் வழக்கம்போலக் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் போனை ஆன் செய்தார். விஷயம் தெரிந்ததும் மீஞ்சூரில் குதித்து இறங்கி, வீட்டுக்கு ஓடிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு சென்னை போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. அவருடைய இடத்தில் அப்பாவு கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான்.

"நகையா அது, பீரோல வெச்சுப் பூட்ட?" என்றார் சாலமோன். "அப்பாவு மொத ரிங்லயே எடுத்தான்."

தை வந்து போயிற்று. இப்போது எந்த ஷிப்ட் என்பதைக்கூட சாலமோன் போனில்தான் சொல்கிறார். எடுக்காதவனுக்கு அன்று வேலை இல்லை. தணிகாசலம் வேலை செய்கிற இரண்டாவது போன் வாங்கிவிட்டார், ஒன்று சார்ஜில் இருந்தால் இன்னொன்று கையில் இருக்க.

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நானே பேச்சை எடுத்தேன்.

"நீ நல்லதுதான் சொன்ன தம்பி. அதெல்லாம் பர்மனென்ட் ஆளுங்களுக்கு."

போன் அடித்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"சொல்லுங்க சார். இதோ இங்கதான்கீறேன்."